அணு அடுக்குக்குள் இருந்த பதினான்கு கைக்கடிகாரங்கள்

நான், எவரிஸ்தோ பெல்லகாம்பா, வயது 51, அமிதேயோ பெல்லகாம்பாவின் மகன், அர்ஜென்டினா, சான் எலியாஸ் நகரம், பழைய சுங்கச்சாவடித் தெருவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவன், பல்கலைக்கழகத்தில் பரிசோதனை இயற்பியல் பேராசிரியர், 1951 ஆகஸ்டில் இராணுவ நீதிப்பிரிவு கேப்டன் செனோன் இபார்லுசேயா முன்னிலையில், டாக்டர் டெல்மிரா ஒயார்சாபால் மீது தொடரப்பட்டிருக்கும் கைக்கடிகாரத் திருட்டு வழக்கில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், உட்கார நாற்காலி கேட்டு அது வந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்பட்டதால் நின்றபடியே சொல்வதாவது:

தரைப்படையும் எங்கள் பல்கலைக்கழகமும் அணு ஆய்வில் கைகோத்த முதல் கூட்டம் கடந்த மார்ச்சில் நடந்தது. நாட்டின் வருங்காலத்தையே நிர்ணயிக்கும் முடிவு ஒன்று அதில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒருமனதாக எடுக்கப்பட்டது. அந்த முடிவு மாத்தே குடிக்கும் வரிசை பற்றியது. இயற்பியல் துறையில் நாங்கள் எல்லோரும் ஒரே சுரைக்குடுக்கையில் மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சுவோம். குடுக்கை வலப்பக்கமாகச் சுற்றி வரும். அங்கே பேராசிரியர், மாணவர் என்ற பேதம் கிடையாது. படைத்தரப்பில் இதை ஏற்க முடியாது என்றார்கள். ஜெனரலுக்கு முன்னால் ஒரு கேப்டன் உறிஞ்சிய குழல் ஜெனரலுக்கு வருவது படைவிதிக்கு முரண் என்றார்கள். குடுக்கை ஆட்களின் பதவி பார்த்துக் குறுக்கும் நெடுக்கும் போனால் வெந்நீர் ஆறிவிடும் என்று நாங்கள் சொன்னோம். கடைசியில், குடுக்கை எப்போதும்போல வலப்பக்கமாகச் சுற்றும், ஆனால் நாற்காலிகள் பதவி வரிசைப்படி போடப்படும் என்று முடிவாயிற்று. இரு தரப்பும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டோம். மேசை ஆய்வகத்தில் போடப்பட்டது, ஏனென்றால் கட்டடத்தில் கணப்பு அடுப்பு இருந்த ஒரே அறை அதுதான். தலைமை நாற்காலி ஜெனரலுக்கு. அந்த நாற்காலிக்கு இடப்பக்கத்தில்தான் கதிர்வீச்சை எண்ணும் கருவி, நாங்கள் 'எண்ணி' என்பது, வைத்த பலகை இருந்தது.

அதன் பிறகு இரண்டாவது முடிவு எடுக்கப்பட்டது. எங்கள் ஆய்வகத்தின் வாசலில் ஒரு பீங்கான் சூப்புத் தட்டு உண்டு. உள்ளே வருகிறவர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதில் போட்டுவிட்டு வருவது பழக்கம். இருட்டில் ஒளிரும் கடிகாரங்களின் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கும், அது எங்கள் அளவுகளைக் கெடுக்கும். இதை நான் கூட்டத்தில் விளக்கிச் சொன்னேன். படைவீரர் தம் உபகரணத்தைச் சிவிலியன் ஒருவரிடம் ஒப்படைப்பது போரில் தோற்றவர்கள் மட்டுமே செய்கிற காரியம் என்று படைத்தரப்பில் பதில் வந்தது. தட்டு அகற்றப்பட்டது. அந்த இடத்தில் ஒரு காவலர் நிறுத்தப்பட்டார்.

ஆய்வு என்ன என்று கேட்கப்பட்டதால் சொல்கிறேன். அணு அடுக்கு என்பது கிராஃபைட் கட்டிகளைச் சுவர்போல அடுக்கி, இடையிடையே யுரேனியத்தை வைப்பது. போதிய அளவு வைத்தால் அது தானாகவே தொடர்ந்து இயங்க ஆரம்பிக்கும். எங்களிடம் யுரேனியம் என்று இருந்தது, ஒரு பீங்கான் தொழிற்சாலை மஞ்சள் பூச்சுக்காக வாங்கிவைத்து, மஞ்சள் தட்டு விலைபோகாததால் எங்களுக்குக் கொடுத்ததுதான். அதைக்கொண்டு அடுக்கு இயங்க வழியே இல்லை. இது எங்களுக்குத் தெரியும், ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்திலும் எழுதியிருக்கிறது. இன்னும் எவ்வளவு வேண்டும் என்று அளந்து சொல்வதுதான் எங்கள் வேலை. கிராஃபைட்டைத் தரைப்படை கொடுத்தது. அது இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் கரும்பலகையிலேயே அடுக்கிக்கொண்டிருந்திருப்போம் என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறேன். எங்களுக்கு ஒன்றை அளந்து பார்க்க வேண்டும், அவர்களுக்கு அதை வைத்திருக்க வேண்டும். இந்த வித்தியாசம் ஆரம்பத்தில் சிறியதாகத் தெரிந்தது.

அடுக்கைக் கட்டியவர் டாக்டர் டெல்மிரா ஒயார்சாபால். கட்டி கட்டியாகத் தேய்த்து, எடை பார்த்து, ஒவ்வொன்றையும் தன் கையால் வைத்தார். மாதக்கணக்கில் அவர் கைக்குட்டைகள் கறுப்பாகவே இருந்தன. எடுத்த அளவு ஒன்று சரியில்லை என்று சந்தேகம் வந்தால் ஒரு வார வேலையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பார். அவரோடு வேலை செய்வது சுலபம் இல்லை. திருட்டு வழக்கில் இது அவருக்குச் சாதகமா பாதகமா என்று எனக்குத் தெரியாது.

படைத்தரப்பிலிருந்து எங்களோடு இருந்தவர் பீரங்கிப் படை மேஜர் கிரிசாந்தோ வில்லாஃபான்யே. நல்ல மனிதர். மாத்தே நன்றாகப் போடுவார். அவர் ஒரு நாள் என்னிடம் வந்து, "புரொபசர், மேல கேக்கறாங்க. இது வேலை செய்யுதா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒரு வரியில சொல்லுங்க, எனக்கும் புரியணும், ஜெனரலுக்கும் புரியணும்" என்றார். ஒரு வரியில் சொல்ல முடியாது என்றேன். அப்படியானால் அரை வரியில் சொல்லச் சொன்னார். அடுக்கை ஒட்டியிருந்த எண்ணியோடு ஒரு ஒலிபெருக்கி இணைத்திருந்தோம், ஒவ்வொரு கதிருக்கும் ஒரு 'டக்' கேட்கும். அடுக்கில் வேலை நடந்தால் சத்தம் கூடும் என்றேன். அவர் அதைப் பெரிய எழுத்தில் 'சத்தம் கூடினால் வெற்றி' என்று தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார். வேறு காரணத்தாலும் சத்தம் கூடலாம் என்று நான் சொன்ன இரண்டாவது வாக்கியத்துக்குத் தாளில் இடம் இல்லை.

அதன் பிறகு ஜூலையில் ஜெனரல் லியோனிதாஸ் கர்ராமுன்யோ தம் அதிகாரிகளோடு அடுக்கைப் பார்வையிட வந்தார். அதற்குச் சில வாரம் முன்பு, படைநாளில், போர் அமைச்சர் அந்த அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் ஒளிரும் கைக்கடிகாரம் ஒன்றைத் தம் கையாலேயே கட்டிவிட்டிருந்தார். பின்பக்கம் அவரவர் பெயர் பொறித்தது. நல்ல கனமான கடிகாரங்கள், பூச்சில் யாரும் கஞ்சத்தனம் செய்யவில்லை. எல்லோரும் அவற்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் தட்டு இல்லை. காவலர் விறைப்பாகச் சல்யூட் அடித்தார்.

அவர்கள் வரும் முன் ஒலிபெருக்கியில் சரியாக மூடாத குழாய் சொட்டுவதுபோலச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஜெனரல் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து, இடது முழங்கையை எண்ணி இருந்த பலகையில் ஊன்றினார். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல ஆயிற்று. மற்றவர்கள் என்னவென்று பார்க்க எழுந்து வந்து குனிந்தார்கள். அவர்கள் குனியக் குனியச் சத்தம் கூடியது.

"என்னய்யா இது, தொடங்கிடுச்சா?" என்றார் ஜெனரல்.

மேஜர் சுவரைப் பார்த்தார். "சத்தம் கூடினா வெற்றி, ஜெனரல். புரொபசரே சொன்னது."

"நான் வந்து உக்காந்ததும் தொடங்குது பாத்தியா! இத்தனை நாளா இது இவங்ககிட்ட ஏன்யா வாயைத் தொறக்கல?"

அப்போது டாக்டர் ஒயார்சாபால் முன்னால் வந்து, "ஜெனரல், தயவுசெஞ்சு அந்தக் கையை எடுங்க" என்றார்.

"எந்தக் கையை?"

"கடிகாரம் கட்டின கையை. அதுல ரேடியம் இருக்கு. எண்ணி அதைத்தான் எண்ணுது, அடுக்கை இல்ல."

"ஏம்மா, இது அமைச்சர் கட்டிவிட்ட கடிகாரம். இதுல நேரம் ஓடும். வேற எதுவும் ஓடாது."

அதிகாரிகள் சிரித்தார்கள். வழங்கல் பிரிவு கர்னல், "அணுவே ஜெனரலுக்கு அட்டென்ஷன்ல நிக்குது, டாக்டரம்மாவுக்குத்தான் மனசு வரல" என்றார். டாக்டர் ஒயார்சாபால், எல்லோரும் ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் போய் நின்றால் போதும், தானாகத் தெரிந்துவிடும் என்றார். மேஜர் அவர் காதருகில் வந்து, "வேண்டாம் டாக்டர், ஜெனரலை ஜன்னலுக்குப் போகச் சொல்றதெல்லாம் இங்க நடக்காது" என்றார். நடக்கவும் இல்லை.

அதன் பிறகு ஜெனரல் எழுந்து வந்து என்னைக் கட்டித் தழுவினார். அதற்காக அவர் பலகையை விட்டு அகன்றபோது சத்தம் குறைந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தபோது கூடியது. இதை நான் அங்கேயே எல்லோருக்கும் சுட்டிக்காட்டினேன். ஷாம்பெயின் திறக்கும் சத்தத்தில் அது காதில் விழவில்லை. டாக்டர் ஒயார்சாபால் எண்ணியின் கம்பி இணைப்பை மட்டும் ஒரு தடவை இறுக்கிவிட்டு வெளியே போய்விட்டார். ஜெனரல் எங்கள் துறை அலுவலகத் தொலைபேசியிலேயே அமைச்சரைக் கூப்பிட்டு, குடியரசிடம் அணுசக்தி இருப்பதாகத் தெரிவித்தார். மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. பெரிய அடுக்கு ஒன்று கட்டுவதற்காக ஆற்றோரம் தோல் பதனிடும் குடியிருப்பில் இடம் குறிக்கப்பட்டு, அங்கிருந்த குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லி ஆணை ஒட்டப்பட்டது. அமைச்சர் நேரில் வந்து சத்தத்தைக் கேட்பார் என்றும் அறிவிக்கப்பட்டது.

ஜெனரல் போனதும் ஒலிபெருக்கி மறுபடி குழாய்ச் சொட்டுக்குத் திரும்பியது. காவலர் இதைத் தம் மேலதிகாரிக்குச் சொல்ல, அவர் தம் மேலதிகாரிக்குச் சொல்ல, ஜெனரலிடமிருந்து மேஜருக்குத் தொலைபேசி வந்தது. குரல் பலமாக இருந்ததால் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"நான் இருந்தப்போ பேசிச்சு. நான் கிளம்பினதும் வாயை மூடிக்கிச்சு. நடுவுல யாரோ கை வெச்சிருக்காங்க. யாருடா அது?"

கடைசியாகக் கை வைத்தவர் யார் என்று விசாரிக்கப்பட்டது. கம்பியை இறுக்கியவர் டாக்டர் ஒயார்சாபால். அமைச்சர் வருவதற்குள் அடுக்கு பேசாவிட்டால் அவர்மீது நாசவேலை வழக்குப் போடப்படும் என்று உத்தரவாயிற்று. ஒலிபெருக்கியை அவர் பரிசோதிக்கக்கூடாது என்றும், அதைச் சரிசெய்யும் பொறுப்பு அவருடையது என்றும் அதே உத்தரவில் இருந்தது.

அதன் பிறகு நானும் டாக்டர் ஒயார்சாபாலும் மேஜரை உட்காரவைத்து, அவர் கடிகாரத்தைக் கழற்றி எண்ணிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னோம். வைத்தார். ஆலங்கட்டி. எடுத்தார். குழாய்ச் சொட்டு. வைத்தார். எடுத்தார். அவர் படித்தவர், மூன்றாம் முறை வைக்கவில்லை.

"சரி, புரியுது. இப்ப ஒண்ணு சொல்லுங்க. இதை ஜெனரல்கிட்ட யார் சொல்றது?" என்றார்.

"நீங்கதான் இணைப்பதிகாரி. நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

"எனக்கு நாலு பொண்ணுங்க, புரொபசர். கடைசிக்கு இன்னும் பல்லே முளைக்கல."

ஆகவே நானே எழுதினேன். படம் போட்டு, தெளிவாக, ஒரே பக்கத்தில். மேற்படி கடிகாரங்கள் அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவால் பரிசோதிக்கப்பட்டு எந்தக் குறையும் இல்லை எனச் சான்றளிக்கப்பட்டவை, ஆகவே குறை வேறு இடத்தில் தேடப்பட வேண்டும் என்று பதில் வந்தது. கடிகாரத்தில் குறை இல்லை, அது மிக நன்றாக ஒளிர்கிறது, அதுதான் சிக்கல் என்று திரும்ப எழுதினேன். என் பாராட்டு கொள்முதல் பிரிவுக்குத் தெரிவிக்கப்பட்டதாகப் பதில் வந்தது. ஜெனரலை நேரில் பார்க்க அனுமதி கேட்டேன். அனுமதி கேட்கும் அனுமதியைப் படைத்தரப்பு இணைப்பதிகாரிதான் தரவேண்டும் என்றார்கள். இணைப்பதிகாரி மேஜர் வில்லாஃபான்யே. அவர் காய்ச்சல் என்று விடுப்பில் இருந்தார்.

விடுப்பு முடிந்து அவர் வந்த மறுநாள் காலை நாங்கள் ஆய்வகத்தைத் திறந்தபோது அடுக்கு ஆலங்கட்டிபோல முழங்கிக்கொண்டிருந்தது. அறையில் ஜெனரல் இல்லை, அதிகாரிகள் இல்லை. காவலரிடம் கைக்கடிகாரமே கிடையாது. மேஜர் தொலைபேசியில் ஜெனரலுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நாசவேலை வழக்கு போடப்படவில்லை. எல்லோரும் நிம்மதியாக மாத்தே குடித்தார்கள். டாக்டர் ஒயார்சாபால் மட்டும் குடுக்கையை வாங்காமல் அடுக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதன் பிறகு நாற்காலியில் ஏறி, அளவெடுப்பதற்காக விட்டிருந்த பொந்தின் மூடிக்கட்டியை இழுத்தார். உள்ளே ஒரு காக்கிக் காலுறை இருந்தது. அதில் பதினான்கு கைக்கடிகாரங்கள் இருந்தன. நேரம் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லி மேஜர் அதிகாரிகளிடம் வாங்கியவை. ஜெனரலின் கடிகாரம் மட்டும் அவற்றில் இல்லை.

"டாக்டர், உங்களுக்காகத்தான் பண்ணினேன். இல்லன்னா இன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க" என்றார் மேஜர். அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று நான் நம்புகிறேன்.

"என்னைக் காப்பாத்தறேன்னு என் அடுக்கைப் பொணமாக்கிட்டீங்களே, மேஜர். பொணத்துக்குள்ள அலாரத்தை வெச்சு உயிர் இருக்குன்னு காட்டுவீங்களா?"

"இதுல அலாரம் கிடையாது, டாக்டர். வெறும் நேரம்தான்."

நான் இடையில் புகுந்து, "விடும்மா டெல்மிரா. அமைச்சர் வந்து கேட்டுட்டுப் போகட்டும். அவர் போனதும் சத்தமில்லாம எடுத்துடலாம்" என்றேன். நான் அப்படிச் சொன்னேனா என்று கேட்கப்பட்டது. சொன்னேன்.

"போனதும் எடுத்தா மறுபடி நாசவேலைம்பாங்க. எடுக்காம விட்டா, இதைப் பாத்து ஆத்தோரத்துல பெருசு ஒண்ணு கட்டுவாங்க. வீட்டை இடிச்சுட்டு. அதுக்கு எத்தனை கடிகாரம் வைப்பீங்க? ஊர்ல இருக்கற அத்தனை பேர் கையிலேர்ந்தும் அவுப்பீங்களா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தச் சத்தத்துக்குக் கீழ என் பேரு வரும், புரொபசர். உங்க பேரும் வரும். இனிமே நாம ரெண்டு பேரும் ஒரு மேசை இவ்வளவு நீளம்னு சொன்னாக்கூட எவனும் நம்பமாட்டான்" என்றார்.

அதன் பிறகு அவர் கடிகாரங்களை ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் போட்டு, ஜெனரலிடம் நேரில் ஒப்படைத்து விஷயத்தைச் சொல்வதாகக் கூறிவிட்டு, டிராம் ஏறித் தலைமையகத்துக்குப் போனார். மேஜர் வாசல்வரை பின்னாலேயே ஓடினார். நானும் ஓடினேன், ஆனால் எனக்கு மூட்டுவலி. தலைமையக வாசலில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அதிகாரியின் பெயர் இருந்தது. எதிலும் அவர் பெயர் இல்லை. ஆகவே அவர் கைது செய்யப்பட்டார்.

பதினான்கு அதிகாரிகளும் வரிசையாக வந்து தங்கள் கடிகாரத்தை அடையாளம் காட்டினார்கள். எல்லோருமே அது சில நாளாகக் காணவில்லை என்றார்கள். அமைச்சர் கட்டிவிட்டதை மேஜரிடம் கழற்றிக் கொடுத்ததாக யாரும் சொல்லவில்லை. மேஜர் வில்லாஃபான்யே அந்த வாரமே அண்டை நாட்டில் அசுன்சியோன் தூதரகத்துக்கு மாற்றப்பட்டு, குடும்பத்தோடு படகில் போய்விட்டார். அவருக்கு அங்கே நல்ல மரியாதை கிடைப்பதாகத் தெரிகிறது.

டாக்டர் ஒயார்சாபால் இரண்டாம் படைப்பிரிவுப் பாளையத்தில் வைக்கப்பட்டிருக்கிறார். ஒரு முறை பார்க்க அனுமதித்தார்கள். கம்பளிச் சால்வையும் கொஞ்சம் சீமைமாதுளைப் பாகுக்கட்டியும் கொண்டுபோனேன். பாகுக்கட்டியைக் காவலர் நாலாக வெட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். டாக்டருக்கு மனநிலை சரியில்லை, மின்னும் பொருள்களைப் பார்த்தால் எடுத்துவிடுவார் என்று நான் எழுதிக்கொடுத்தால் வழக்கை வெறும் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதையும், அடுக்கு முழுமையாக இயங்கியது என்று நான் உறுதி கூறினால் கடிகாரங்கள் எப்படியோ கிடைத்தன என்று விட்டுவிடலாம் என்ற இன்னொரு யோசனையையும் அவரிடம் சொன்னேன்.

"திருடின்னு வேணும்னா சொல்லட்டும். பைத்தியம்னாலும் பரவாயில்ல. அது வேலை செஞ்சுதுன்னு மட்டும் நீங்க சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா இங்கேர்ந்து வெளிய வந்ததும் மொத வேலையா உங்க வீட்டு மருந்துக்கடையைக் கொளுத்துவேன்" என்றார். அது என் கடை இல்லை, நான் மேல்மாடியில்தான் இருக்கிறேன் என்றேன். கொஞ்சம் சிரித்தார். சால்வையை வாங்கிக்கொண்டார். அவர் நகக்கண்ணில் கிராஃபைட் கறுப்பு இன்னும் இருந்தது.

இனி, கேப்டன் இபார்லுசேயா கேட்ட கேள்விகளுக்குப் பதில்.

கடிகாரங்களை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்கப்பட்டது. அடுக்குக்குள்ளிருந்து என்றேன். அடுக்கின் உட்புறம் அரசு இரகசியம், அதில் என்ன இருந்தது என்று வாக்குமூலத்தில் எழுத முடியாது என்று கேப்டன் தெரிவித்தார். கைக்கடிகாரம் இருந்தது என்பது இரகசியமா என்று கேட்டேன். உள்ளே இருந்தது எதுவானாலும் இரகசியம் என்றார். வெகுநேரம் பேசியபின், 'ஓர் இடத்திலிருந்து' என்று எழுதுவதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆகவே: டாக்டர் ஒயார்சாபால் கடிகாரங்களை ஓர் இடத்திலிருந்து எடுத்தார். மேலே இதைப் பற்றி நான் சொன்னவற்றை அடிப்பதா என்று கேட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், தட்டச்சர் வேறு போய்விட்டார், பிறகு பார்க்கலாம் என்றார்.

அவை அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்கப்பட்டது. அணுசக்தி உற்பத்தி என்றேன். கேப்டன் அதை எழுதவில்லை. நேரம் காட்டிக்கொண்டிருந்தன என்று மாற்றிச் சொன்னேன். எழுதினார்.

அடுக்கு இயங்கியதா இல்லையா என்று சுருக்கமாகச் சொல்லும்படி கேட்கப்பட்டது. இயங்கவில்லை. இயங்கும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. இந்த விஷயத்தை ஒரு எண்ணியையும் ஒரு கடிகாரத்தையும் கொண்டு, ஒரு மாத்தே குடிக்கும் நேரத்துக்குள், இந்த அறையிலேயே நிரூபிக்க முடியும் என்று நான் மறுபடியும் கேட்டுக்கொண்டேன். எண்ணி வாசலில் நான் வந்த டாக்சியில் இருக்கிறது. கடிகாரத்துக்கு எங்கும் போகவேண்டாம், கேப்டன் கட்டியிருப்பதும் ஒளிரும் வகைதான் என்று சொன்னேன். கேப்டன் தம் இடது கையை மேசைமேலிருந்து எடுத்துக்கொண்டார்.

ஜெனரல் கர்ராமுன்யோவின் கடிகாரத்தைச் சான்றாக வரவழைக்கும்படி விண்ணப்பம் கொடுத்தேன். பதவியில் உள்ள ஜெனரலின் மணிக்கட்டுக்கு அழைப்பாணை அனுப்ப விதி இல்லை என்று தெரிவிக்கப்பட்டது. அப்படியானால் பதினான்கு கடிகாரங்களையாவது நீதிமன்றத்தில் எண்ணிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட அனுமதிக்க வேண்டும், அந்தச் சத்தத்தைக் கேட்டால் எந்த நீதிபதிக்கும் அவை ஏன், யாரால், எங்கே வைக்கப்பட்டன என்பது விளங்கிவிடும், டாக்டர் ஒயார்சாபாலுக்கு அதைத் தவிர வேறு சாட்சி இந்த நாட்டில் இல்லை என்று கேட்டுக்கொண்டேன். அவை இவ்வழக்கின் சான்றுப் பொருள்கள் என்பதால் விசாரணை நாளில் கட்டாயம் கொண்டுவரப்படும் என்று கேப்டன் உறுதியளித்தார். அதற்காக அவருக்கு நன்றி.

டாக்டர் ஒயார்சாபால் திருடவில்லை. அடுக்கு இயங்கவில்லை. இவை இரண்டும் ஒரே உண்மை, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. முப்பது ஆண்டு நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இதைவிடச் சுலபமான பாடத்தை நடத்தியதில்லை, இவ்வளவு குறைவாக அது விளங்கியதும் இல்லை.

இதில் கண்டவை எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டன. 'ஓர் இடத்திலிருந்து' என்ற சொற்கள் கேப்டனுடையவை. மற்றவை என்னுடையவை, என் அறிவுக்கு எட்டியவரை அவற்றில் பொய் இல்லை. நாற்காலி வந்துவிட்டதால் உட்கார்ந்து கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) எவரிஸ்தோ பெல்லகாம்பா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.

(ஒப்பம்) கேப்டன் செனோன் இபார்லுசேயா, இராணுவ நீதிப்பிரிவு

பதிவு அதிகாரியின் குறிப்பு: சான்றுப் பொருள்களான கைக்கடிகாரங்கள் பதினான்கும், போர் அமைச்சரின் வருகையை முன்னிட்டு, ஜெனரல் கர்ராமுன்யோவின் வாய்மொழி உத்தரவுப்படி இன்று காலை நீதிப்பிரிவிலிருந்து பெற்றுக்கொள்ளப்பட்டு, அணு அடுக்கில் வைத்து முத்திரையிடப்பட்டன. அவை திரும்பக் கிடைக்கும்வரை விசாரணை ஒத்திவைக்கப்பட்டு, டாக்டர் டெல்மிரா ஒயார்சாபாலின் காவல் நீட்டிக்கப்பட்டது.